பெட்டியைப் பிடித்த கை

முத்துப்பேச்சிக்கு முதல் அறை விழுந்தது ஓர் அலுமினியப் பெட்டிக்காக. கல்யாணமாகி மஞ்சள் கயிற்றின் நிறம்கூட மங்கவில்லை. பெட்டியில் போட்ட ஓட்டை கோணலாகப் போய்விட்டது. துளைக்கிற பிட்டை வாங்கி வந்தது அவள் புருஷன் சந்தனம், மிஷின் வேகத்தைக் கூட்டி வைத்தது சந்தனம், லீவரைப் பிடித்து அழுத்தியதும் சந்தனம்தான். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் இவள். ஆனாலும் அறை இவளுக்கு.

"கைய ஆட்டுனியாட்டி? ஆட்டுனியா இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். காதுக் கம்மல் தெறித்துத் தரையில் கிடந்த அலுமினியச் சுருளுக்குள் விழுந்தது. அதைக் குனிந்து தேட விடவில்லை பாவி. அடுத்த பெட்டியைத் தூக்கி மிஷினில் வைத்துவிட்டான்.

ராஜபாளையத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் தங்கச்சாமியின் ஷெட். பஞ்சாலைகளில் நூல் அறுந்தால் விளக்கு எரியும் அல்லவா, அந்தக் கருவியை உள்ளே வைத்து மூடுகிற அலுமினியப் பெட்டிகள் அங்கேதான் தயாராகின்றன. மலையடிவாரத்து மாந்தோப்புகளில் பன்றி வராமல் இருக்கப் போடும் சோலார் வேலிக்கும் அதே பெட்டிதான். வெறும் பெட்டி வரும். சுவிட்சுக்கு ஓர் ஓட்டை, வயர் நுழைய ஓர் ஓட்டை, விளக்குக்கு ஓர் ஓட்டை என்று போட்டு அனுப்ப வேண்டும். இந்த அளவுகள் அத்தனைக்கும் ஒரே பிட் போதும். அதற்கு ஸ்டெப் பிட் என்று பெயர். நுனி கூராக இருக்கும், மேலே போகப் போகப் படிபடியாகப் பருக்கும். ஒவ்வொரு படியும் ஓர் அளவு. வேண்டிய படிவரை இறக்கி நிறுத்திக்கொள்ளலாம்.

சொல்வதற்குச் சுலபம். அந்தப் பிட் தகட்டைக் கடிக்கிறபோது பெட்டியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு படியும் உள்ளே நுழையும்போது பெட்டியை ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். அதற்குத்தான் வைஸ் என்று ஓர் இரும்புப் பிடிப்பு இருக்கிறது. பெட்டியை அதில் வைத்துத் திருகிவிட்டால் அசையாது. தங்கச்சாமியின் ஷெட்டிலும் ஒரு வைஸ் இருந்தது. சந்தனம் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டான்.

"வைஸத் திருகி எடுக்குத நேரத்துல நாலு பெட்டி போட்டுருவேன். பொறவு பொண்டாட்டி எதுக்கு இருக்கா?" என்றான்.

ஷெட்டே சிரித்தது. தங்கச்சாமியும் சிரித்தார். ஒருவனுக்குக் கூலி கொடுத்து இரண்டு பேரிடம் வேலை வாங்குகிறவர் ஏன் சிரிக்க மாட்டார்?

இந்த ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு கிறுக்குத்தனம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். சத்திரப்பட்டிப் பக்கம் தறிகளில் நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி. காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணிதான். அதில் கழிவாக விழுவது மூட்டை மூட்டையாகச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வரும். காப்பி வடிகட்ட அதுதான், சைக்கிள் துடைக்க அதுதான், வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொள்ளவும் அதுதான். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் அலுமினியச் சூடும் கீறலும் தாங்காமல் அதையே கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு மிஷின் பக்கம் போவார்கள். சுழல்கிற மிஷினுக்குப் பக்கத்தில் கையில் துணி! வெளியூர் மெக்கானிக் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். இங்கே அது யாருக்கும் வினோதமாகப் படவில்லை, பிறந்ததிலிருந்து பார்த்த துணி ஆயிற்றே.

முத்துப்பேச்சி மட்டும் சுற்றிக்கொள்ள மாட்டாள். துணி சுற்றினால் பெட்டி என்ன செய்யப் போகிறது என்பது கைக்குத் தெரியாது. தெரிந்தால்தானே முந்திக்கொண்டு இறுக்க முடியும்? அதனால் வெறும் கையால் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கக் கீறல். சாம்பார் பிசைந்து சாப்பிடும்போது அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து மாமியார் ஆவுடையம்மாள், "எம்புட்டு நடிப்பு" என்பாள்.

ஆனால் அந்தக் கைதான் அவளுக்குப் பிட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது. பெட்டியின் தகடு மூன்று மில்லிமீட்டர். பிட்டின் படி அதைவிடக் குட்டையாக இருந்தால், ஒரு படி தகட்டின் அடிப்பக்கம் வருவதற்கு முன்பே அடுத்த படி மேலே கடித்துவிடும். கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு இழுப்பு. படி உயரமாக இருந்தால் ஓர் இழுப்பு, பிறகு செத்த நேரம் ஓய்வு, பிறகுதான் அடுத்தது. தங்கநிறப் பூச்சு பூசி மினுக்குகிற மலிவுப் பிட்டுகளில் அலுமினியம் உருகி அப்பிக்கொள்ளும். அப்பிக்கொண்டால் அது வெட்டாது, உழும். வெள்ளையாக, பூச்சில்லாமல் இருக்கிற பிட்டை மெதுவாக ஓட்டி, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால், சுருள் சுருளாக அலுமினியம் எழுந்து வரும். இதையெல்லாம் அவள் அடிபட்டுத்தான் கற்றாள், அதுவும் இரண்டு பக்கமும் அடி. பிட்டிடம் ஒன்று, புருஷனிடம் ஒன்று.

"அந்த வெள்ள பிட்டப் போடுங்களேன். வேகத்தக் கொறச்சா இப்படி இழுக்காது" என்று ஒருநாள் சொன்னாள்.

முதுகில் ஒரு குத்து விட்டான். "நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியோ? பிடிக்கச் சொன்னா பிடிட்டி."

நாலு மாதம் முழுகாமல் இருந்தபோதும் பிடிக்கத்தான் சொன்னான். அன்றைக்குக் கடைசிப் படி கடித்த வேகத்தில் பெட்டி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்று, விளிம்பு அவள் அடிவயிற்றில் அடித்தது. அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். சந்தனம் முதலில் குனிந்து எடுத்தது பெட்டியை. மூலை நசுங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் தரிக்கவுமில்லை. அந்த வீட்டில் அதற்கும் அவளுக்குத்தான் ஏச்சு. மலடி என்று மாமியார் வாய் கூசாமல் சொன்னாள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒருத்தி தினமும் காலையில் மம்சாபுரத்தில் பஸ் ஏறி அதே மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள் என்றால், அவளுக்கு என்ன பைத்தியமா என்று கேட்கத் தோன்றும். போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்த இடம் ஒருநாள் டூல்ஸ் கடையில் கிடைத்தது. பிட் மழுங்கிவிட்டது, வாங்கி வா என்று சந்தனம் அனுப்பியிருந்தான். கடைக்காரர் தங்கநிறப் பிட்டை எடுத்துப் போட்டார். முத்துப்பேச்சி அதைத் தள்ளிவிட்டு வெள்ளையில் நாலைந்து எடுத்து, ஒவ்வொரு படியிலும் நகத்தை வைத்து உயரம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரிஸ்கில்லா என்று பெயர், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருந்தது.

"ஏம்மா தங்கக் கலரு வேண்டாங்க?"

"அது பாக்கத்தான் மினுக்குக்கா. அலுமினியம் அதுல அப்பிக்கிரும். பொறவு பெட்டிய இழுத்து நம்ம கையக் கிழிச்சிரும்."

பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எங்கிட்ட வாரியா? உனக்குன்னு தனி மிஷின் தாரேன். நீயே போடு. பிடிக்க ஆளு வேண்டாம், வைஸ் இருக்கு."

தனி மிஷின். பஸ்ஸில் வரும்போது முத்துப்பேச்சி இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இது யார் கையோ என்பதுபோலப் பார்த்தாள்.

எந்த நாய் போய்ச் சொன்னதோ, அன்று சாயங்காலத்துக்குள் சந்தனத்துக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் அவள் முடியைப் பிடித்துத் தரையில் சாய்த்தான். இடது மணிக்கட்டின் மேல் முழங்காலை ஊன்றினான். சட்டைப் பையிலிருந்து அவள் வாங்கி வந்த அதே புதுப் பிட்டை எடுத்து, நுனியை உள்ளங்கையில் வைத்துத் திருகினான்.

"இந்தக் கை இருந்தாத்தான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவ? போ பாப்போம். போவியாட்டி!"

அவள் கத்தினாள். ரத்தம் விரலிடுக்கில் ஓடியது. அடுப்படியிலிருந்து ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள்.

"ஏலே, வலது கைல வேண்டாம்லே. சோறாக்கணும்."

மறுநாள் காலை இடது கை வீங்கியிருந்தது. அதோடுதான் ஷெட்டுக்குக் கூட்டி வந்தான். மழுங்கிய பழைய தங்கநிறப் பிட்டையே மாட்டினான், வேகத்தை உச்சத்தில் வைத்தான், பெட்டியை மேசையில் போட்டான்.

"பிடிட்டி."

"பிடிக்க மாட்டேன்."

பக்கத்து மிஷின்களில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் என்று நம்ப முடியவில்லை. ஆனாலும் இன்னொரு முறை சொன்னாள். "இனிமே நான் பிடிக்க மாட்டேன். வைஸ்ல வச்சுப் போடுங்க."

கன்னத்தில் விட்டான். உதடு கிழிந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். இன்னொன்று விட்டான். அப்போதும் கை முன்னால் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அவமானமாகப் போய்விட்டது அவனுக்கு. "நீ இல்லன்னா எனக்கு வேலை ஓடாதுன்னு நினைப்பா மூதி?" என்று மூட்டையிலிருந்து கட்டுத்துணியை உருவி இடது கையில் மளமளவென்று சுற்றினான். முனையைக்கூடச் செருகவில்லை, அது தொங்கியது. இடது கையால் பெட்டியை அமுக்கிக்கொண்டு வலது கையால் லீவரை இறக்கினான்.

முதல் பெட்டி முடிந்தது. அவளைப் பார்த்து இளித்தான். இரண்டாவது பெட்டியில் கடைசிப் படி கடித்தது. பெட்டி எகிறியது, தொங்கிய துணி முனையைப் பிட் கவ்வியது. கவ்வினால் அது விடுமா? துணியைச் சுற்றிச் சுற்றி இழுத்தது, துணிக்குப் பின்னால் கை போனது. சந்தனம் போட்ட அலறலில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். வெள்ளைத் துணி சிவப்பாகச் சுழன்றது. எலும்பு முறிகிற சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது முத்துப்பேச்சி ஒருத்திதான். கையை நீட்டினால் எட்டும். அவள் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் கை போய்ச் சுவிட்சை அணைத்தது.

அவள்தான் துணியை அறுத்து அவனை விடுவித்தாள். அதே மூட்டையிலிருந்து துணி எடுத்து அவள்தான் கையை இறுக்கிக் கட்டினாள், அவள்தான் ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வார்டில் மயக்கம் தெளிந்ததும் சந்தனம் முதலில் தேடியது அவளைத்தான். அவள் கஞ்சி டம்ளரோடு பக்கத்தில் வந்தாள். வலது கையால் ஓங்கி அறைந்தான். டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டு அவன் கையிலேயே ரத்தம் பீறிட்டது. கஞ்சி அவள் மேலெல்லாம் கொட்டியது.

"இவ பார்த்துக்கிட்டே நின்னா! கைய நீட்டிட்டு அப்படியே நின்னா! என்னக் கொல்லத்தான் நின்னா!"

ஆவுடையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். தங்கச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானும் பார்த்தேன். செத்த நேரம் நிக்கத்தான் செஞ்சா" என்றார். அன்றைக்கே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொண்டாட்டி வேண்டுமென்றே மிஷினை நிறுத்தாமல் புருஷன் கையை அரைக்க விட்டாள் என்று.

முத்துப்பேச்சி சுந்தரபாண்டியத்தில் அண்ணன் பால்ச்சாமி வீட்டுக்குப் போனாள். பால்ச்சாமி விவசாயி, முன்கோபி. தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்தான்.

"நெசமாவே நின்னியா?"

"நின்னேன்."

"எதுக்கு?"

"தெரியலண்ணே."

பால்ச்சாமி அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு அவள் தலையில் கை வைத்து, "நல்லா வேணும் அந்த நாய்க்கு. ஆனா வெளிய யார்ட்டயும் சொல்லாத" என்றான்.

அந்த வார்த்தைதான் அவளை அறுத்தது. அண்ணனே நம்பிவிட்டானே! அப்படியானால் நான் அவன் கை போகட்டும் என்றுதான் நின்றேனா? அடிபட்ட ஆத்திரம் எனக்குள் அப்படிப் பேயாக உட்கார்ந்திருந்ததா? எனக்குத் தெரியாமலா? சோற்றைக் கையால் அள்ளினாள், அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஆவுடையம்மாளும் தங்கச்சாமியும் சமாதானம் பேச வந்தார்கள். சமாதானமாம்! வந்து உட்கார்ந்ததும் ஆவுடையம்மாள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"எம்மவனுக்கு இடது கை போச்சு. இனிமே அவனுக்கு இடது கை நீதான். வந்து முன்ன மாதிரி பெட்டியப் பிடி, கேஸ வாபஸ் வாங்கிருவான். வரலன்னா ஜெயிலுக்குப் போ. ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"வந்துரும்மா. நின்னது நெசந்தான? கோர்ட்டுல கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்றார் தங்கச்சாமி.

பால்ச்சாமி எழுந்தான். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டிக் கைப்பிடிக் கட்டையை எடுத்தான். தங்கச்சாமி வாசலுக்கு ஓடுவதற்குள் முதுகில் ஒன்று விழுந்தது. வெளியே நின்ற அவருடைய பைக்கை ஓர் உதையில் சாய்த்துக் கண்ணாடியை நொறுக்கினான். "அவள இன்னொரு தடவ கூப்பிடு, ஒம் மண்டையில போடுதேன்!" தெருவே கூடிவிட்டது. ஆவுடையம்மாள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே போனாள். அண்ணன் அடித்து அடக்கிவிடக்கூடிய விஷயமா இது? விசாரணைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. விசாரணை நாள்வரை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பிரிஸ்கில்லா ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கேள்விப்பட்டிருப்பாள், கேட்காமல் இருந்ததே பெரிய புண்ணியம். மிஷினைக் காட்டினாள். வைஸ் இருந்தது. வெள்ளைப் பிட் இருந்தது. மண்ணெண்ணெய்க் குப்பி இருந்தது. பக்கத்தில் கொட்டைப்பாக்கு மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று, அதைத் தட்டினால் மிஷின் நின்றுவிடும்.

முத்துப்பேச்சி பெட்டியை வைஸில் வைத்துத் திருகினாள். அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்தாள். லீவரில் கை வைத்தாள். இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் நின்றவள் அவள். மெதுவாக இறக்கினாள். படி படியாக இறங்கியது பிட். வேண்டிய படி அடிப்பக்கம் வந்ததும் நிறுத்தினாள். பெட்டியைக் கவிழ்த்து, அடுத்த படியை ஓட்டையின் விளிம்பில் லேசாகத் தொட வைத்து எடுத்தாள், பிசிறு போய்விட்டது. விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள், கீறவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓர் ஓட்டைக்கு யாராவது அழுவார்களா? அவள் அழுதாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அது நடந்தது. வைஸைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டாள், மனசு எங்கேயோ இருந்திருக்கிறது. பிட் கடித்ததும் பெட்டி வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்று மிஷின் தூணில் டமார் டமார் என்று அடித்தது. சிவப்புப் பொத்தான் முழங்கை தூரத்தில் இருந்தது. அவள் கை எழுந்தது. பாதியில் நின்றது. கழுத்து மட்டும் தானாகத் திரும்பியது, பின்னால் யாரையோ தேடியது.

பிரிஸ்கில்லா ஓடிவந்து பொத்தானைத் தட்டினாள். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? பெட்டி தெறிச்சு மூஞ்சியில அடிச்சிருந்தா? மிஷின நிறுத்தாம யாரத் தேடுத?"

யாரைத் தேடினாள்? முத்துப்பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதோ ஒரு தடவை அவள் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியபோது, பயத்தில் அவளே சுவிட்சை அணைத்துவிட்டாள். ஓட்டை பாதியில் நின்றுவிட்டது. சந்தனம் ஆணியில் தொங்கிய பழைய மிஷின் பெல்ட்டை எடுத்து, முதுகுத்தோல் உரிகிறவரை அடித்தான். "என்னக் கேக்காம மிஷின நிறுத்துவியா? நிறுத்துவியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. அதற்குப் பிறகு அவன் தலையை ஆட்டாமல் அவள் கை சுவிட்சுக்குப் போனதில்லை. முதுகுப் புண் ஆறியபோது அடியையும் மறந்துவிட்டாள். கை மறக்கவில்லை.

அன்றைக்கும் அதற்குத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டுவான் என்று பார்த்தாள்! அவன் அலறினானே தவிர, தலையை ஆட்டவில்லை. அதற்காகத்தான் கை நின்றது. கொல்வதற்காக இல்லை. கொல்வதற்காக இல்லையடி, பேச்சி! பிரிஸ்கில்லாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஷெட்டே பார்க்க ஓவென்று அழுதாள்.

மறுநாள் ஸ்டேஷனில் எல்லாரும் இருந்தார்கள். சந்தனம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி முதுகைச் சாய்க்க முடியாமல் நெளிந்தார். பால்ச்சாமி தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்று, "தெரியலன்னு சொல்லிரு. பதட்டத்துல நின்னுட்டேன்னு சொல்லிரு" என்று காதில் ஓதினான். விசாரித்தது ஒரு பெண் எஸ்.ஐ.

"சுவிட்ச் உன் பக்கத்துல இருந்துச்சா?"

"ஆமா மேடம்."

"கைய நீட்டிட்டு அணைக்காம நின்னியா?"

பால்ச்சாமி அவள் தோளைக் கிள்ளினான்.

"நின்னேன் மேடம்."

"பாத்தியளா! அவ வாயாலேயே சொல்லிட்டா!" என்று ஆவுடையம்மாள் துள்ளினாள்.

எஸ்.ஐ. அவளைக் கை காட்டி அடக்கினார். "ஏன் நின்ன?"

"அவியளக் கேக்காம மிஷின நிறுத்தக் கூடாது மேடம். ஒருக்க நிறுத்திட்டேன், பெல்ட்டால அடிச்சாவ. அதுலருந்து அவிய தலைய ஆட்டுனாத்தான் நிறுத்துவேன். அன்னைக்கும் ஆட்டுவாவன்னு மூஞ்சியப் பார்த்தேன். ஆட்டல. அப்புறம் நானாத்தான் பயந்துகிட்டே அணைச்சேன்."

எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டுச் சந்தனத்தின் பக்கம் திரும்பினார். "இவ சொல்லுதது நெசமா?"

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம் அவன். அந்தக் கேள்வியில் என்ன தப்பு இருக்கிறது என்பதே அவனுக்கு விளங்கவில்லை. சட்டென்று சூடாகிவிட்டான்.

"பின்ன? பாதியில நிறுத்துனா பெட்டி வீணாப் போகாதா? புருஷனக் கேக்காம எவ மிஷின்ல கை வைப்பா? அடிச்சேன், அதுக்கு இப்ப என்னங்கேன்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, வலது கையை ஓங்கிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான். ஸ்டேஷன் என்பதே மறந்துபோய்விட்டது. ரெண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்து அவனைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். பால்ச்சாமியைப் பிடிக்க இன்னும் ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

முத்துப்பேச்சி அசையவில்லை. சுவரில் கன்னம் அழுந்த நின்றவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அன்னைக்கு எம்மூஞ்சியப் பார்த்து ‘நிறுத்து’ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தீயன்னா, அப்பவே நிறுத்திருப்பேன். ரெண்டு விரலும் இருந்திருக்கும்" என்றாள்.

சந்தனம் திமிறுவதை விட்டுவிட்டான். கான்ஸ்டபிள் அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். அவன் குனிந்து, கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.